திரிபு வேறு, மணியின் அளவு வேறு

இயந்திரவியல் மாணவர்களின் திட்ட அறிக்கைகளில் ஒரு படம் தவறாமல் வருகிறது. செங்கோணமாக மடங்கிய துளை. அதற்குள் திணிக்கப்படும் செப்புத் தண்டு. தண்டின் மேல் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணப் பட்டைகள். கீழே ஒரு வரி: “சிவப்புப் பகுதியில் படிக மணிகள் நுண்மையடைந்துள்ளன.” மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கு வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் படத்தில் மணி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பதில் வருவதில்லை. அதற்காக மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். படம் பளிச்சென்று இருப்பதால் வழிகாட்டியும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

அந்த வண்ணங்கள் காட்டுவது திரிபை, அதாவது உலோகத்தின் எந்தப் பகுதி எவ்வளவு உருமாறியது என்பதை மட்டும். பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளுக்கு நாம் கொடுத்தவை அச்சின் (டை) வடிவம், உராய்வு எண், எவ்வளவு விசைக்குச் செம்பு எவ்வளவு உருமாறும் என்று காட்டும் தகைவு-திரிபு வளைகோடு. செம்புக்குள் மணிகள் இருக்கின்றன என்ற செய்தியையே அதனிடம் சொல்லவில்லை. சொல்லாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? திரிபிலிருந்து மணியின் அளவுக்குப் போக இடையில் இன்னொரு கணித மாதிரி வேண்டும். உலோகத்தை அதன் வடிவம் மாறாமல் மிகக் கடுமையாக உருமாற்றி மணியைச் சிறிதாக்கும் முறைக்குக் கடும் நெகிழ் உருமாற்றம் என்று பெயர். அதைப் பற்றிய ஆய்வுகளில் இத்தனை காலமாக நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி அந்த இடைப்பட்ட மாதிரியைப் பற்றியதுதான்.

மணி என்பது என்னவென்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. துத்தநாகப் பூச்சிட்ட பழைய இரும்பு வாளியை வெளிச்சத்தில் திருப்பினால் இலை இலையாகத் திட்டுகள் மின்னும். ஒவ்வொரு திட்டும் ஒரு படிகம். அதற்குள் அணுக்கள் எல்லாம் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்துத் திட்டில் அடுக்கின் திசை வேறு, அதனால் ஒளி தெறிக்கும் கோணமும் வேறு. இரண்டும் சந்திக்கும் கோடு மணியெல்லை. வாளியில் கண்ணுக்குத் தெரியும் இந்த மணிகள், சுட்டு ஆறவிட்ட செப்புத் தண்டில் சில பத்து மைக்ரான் அளவில்தான் இருக்கும்.

மணி சிறுத்தால் உலோகம் வலுக்கிறது. 1951இல் ஹாலும் 1953இல் பெட்ச்சும் இரும்பிலும் மென்னெஃகிலும் கண்ட உறவு இது: மணியின் விட்டத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, அதன் தலைகீழியை ஒரு மாறிலியால் பெருக்கினால் வலிமையில் கூடும் பங்கு கிடைக்கும். செம்புக்கு அந்த மாறிலியைப் பாடநூல் மதிப்பின்படி 0.11 மெகாபாஸ்கல் × √மீட்டர் என்றும், அடிப்படை வலிமையை 25 மெகாபாஸ்கல் என்றும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 50 மைக்ரான் மணிக்கு ஏறக்குறைய 40 மெகாபாஸ்கல் வரும். மணியைக் கால் மைக்ரானுக்குக் குறைத்தால் 245 ஆகிவிடும். வேறெந்த உலோகத்தையும் கலக்காமல், உருக்காமல், அதே செம்பு ஆறு மடங்கு வலுக்கிறது. டைட்டானியத்தில் இதன் பயன் இன்னும் தெளிவு: வணிகத் தூய்மையுள்ள நான்காம் தரத்தின் இழுவலிமை சுமார் 700 மெகாபாஸ்கலிலிருந்து 1200க்கு மேல் ஏறியிருக்கிறது. பல்லில் பொருத்தும் திருகுக்கு அலுமினியமும் வனேடியமும் கலந்த உலோகக்கலவையைத் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் உலோகத்தை அடித்தோ இழுத்தோ மணியைச் சிறிதாக்கிவிடலாமே என்றால், தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய நகைப் பட்டறை எதிலும் அதற்கான தடையைக் காணலாம். பத்தர் வெள்ளிக் கம்பியைத் துளைத் தகட்டில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிய துளைகள் வழியே இழுக்கிறார். சில துளைகள் தாண்டியதும் கம்பி விறைக்கிறது; குறட்டைப் பிடித்த கைக்கே அது தெரிந்துவிடும். உடனே நெருப்பில் காட்டி, உருக்காமல் மென்மையாக்கி, அதாவது இளக்கிவிட்டு மறுபடி இழுப்பார். அந்தச் சூட்டில், இழுத்ததால் சேர்ந்த அத்தனை உள்மாற்றமும் அழிந்து புது மணிகள் தோன்றிவிடுகின்றன. இளக்காமலே இழுத்துக்கொண்டு போனாலும் வடிவம் தடுக்கிறது. 5 மில்லிமீட்டர் கம்பி 1 மில்லிமீட்டர் ஆகும்போது மெய்த்திரிபு 3.2. மணி போதுமான அளவு சிறுக்க நமக்கு வேண்டிய 9க்குப் போக வேண்டுமானால் அதே கம்பி 0.055 மில்லிமீட்டராக, தலைமுடி அளவுக்கு மெலிய வேண்டும். முடியளவு கம்பியில் திருகு செய்ய முடியாது.

கடும் நெகிழ் உருமாற்றத்தின் சூட்சுமம் இங்கேதான். வடிவம் மாறாமல் திரிபை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது. உயரழுத்த இயற்பியலுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மேன், மெல்லிய வில்லையைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கியபடியே முறுக்கிப் பார்த்தார். 1970களில் மின்ஸ்க் நகரில் விளாதிமிர் செகல், மடங்கிய துளை வழியே தண்டைத் தள்ளும் முறையை உருவாக்கினார். தண்டு நுழைந்த தடிமனிலேயே வெளியே வரும். ஆனால் மடக்கில் அதன் ஒவ்வொரு துளியும் சறுக்கியிருக்கும். அதையே எடுத்து மறுபடி தள்ளலாம். 1990களின் இறுதியில் ஜப்பானின் ஒசாகாவில் சைட்டோவும் ட்சுஜியும் தகட்டைப் பாதித் தடிமனுக்கு உருட்டி, வெட்டி, அடுக்கி, மறுபடி உருட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

செங்கோண மடக்கில் கூர்மையான மூலை இருந்தால் ஓர் ஓட்டத்துக்குத் திரிபு 1.15. எட்டு ஓட்டங்களில் 9.2 ஆகிவிடுகிறது. முறுக்கும் முறையில் எண்கள் இன்னும் மிரட்டும்: 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லையை ஐந்து சுற்று முறுக்கினால் மையத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தொலைவில் சமானத் திரிபு 110ஐத் தாண்டும். மையத்திலோ, கணக்கின்படி, பூச்சியம்.

உள்ளே நடப்பது என்ன? மணி மண்பானை போல உடைவதில்லை. படிக அடுக்கில் அரைகுறையாக நின்றுபோன ஒரு தளத்தின் விளிம்புக்கு இடப்பிறழ்வு என்று பெயர். வகுப்பறையில் எல்லோரும் டிஸ்லொகேஷன் என்பார்கள். உலோகம் உருமாறுவது இந்தக் கோடுகள் நகர்வதால்தான். நகரும்போதே பெருகுகின்றன, சிக்கிக்கொள்கின்றன. நன்றாக இளக்கிய செம்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் கோடி அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் இடப்பிறழ்வுகள், கடும் உருமாற்றத்துக்குப் பின் ஆயிரம் மடங்காகிவிடுகின்றன. சீராகப் பரவி நிற்காமல் திரண்டு சுவர்களாகின்றன. சுவர்களுக்கு நடுவே ஒப்பளவில் வெறுமையான அறைகள். முதலில் சுவரின் இரு பக்கமும் அணு அடுக்கின் திசை ஒன்றிரண்டு பாகைதான் மாறியிருக்கும். திரிபு ஏற ஏறக் கோணம் கூடுகிறது. 15 பாகையைத் தாண்டிவிட்டால் அதை முழு மணியெல்லை என்று ஏற்றுக்கொள்கிறோம். அந்த 15 என்பதும் நடைமுறை வசதிக்கு வைத்த கோடுதான், 14.9இல் வேறு இயற்பியல் எதுவும் நடப்பதில்லை.

ஆக, மாதிரி இரண்டைச் சொல்ல வேண்டும்: அறை எவ்வளவு சிறுத்தது, அதன் சுவர் எவ்வளவு திரும்பியது. முதலாவதில் நல்ல முன்னேற்றம் உண்டு. இரண்டாவதில்தான் பெரும்பாலான மாதிரிகள் நழுவுகின்றன.

முதலாவதற்கு அடித்தளம் காக்ஸ், மெக்கிங் இருவரும் வகுத்த வரவு-செலவுச் சமன்பாடு. நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டால் போதும். வரத்துக்கால் வழியே நீர் வந்துகொண்டிருக்கிறது. மட்டம் ஏறினால் கலுங்கில் வழிவதும் ஏறுகிறது. வரவும் வழிவும் ஒத்துப்போகும் மட்டத்தில் கண்மாய் நின்றுவிடுகிறது. இடப்பிறழ்வுகள் சேரும் வேகம் அவற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். எதிரெதிர்க் குறியுடையவை சந்தித்து அழியும் வேகம் அடர்த்திக்கே நேர்விகிதம். அடர்த்தி உயர உயர அழிவு முந்திக்கொள்ளும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. எவ்வளவு முறுக்கினாலும் மணி ஓர் அளவுக்குக் கீழே போக மறுப்பதற்கான முதல் தடயம் இந்த எளிய சமன்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

1998இல் எஸ்ட்ரின், டோத், மொலினாரி, பிரெஷே நால்வரும் இதைச் சுவர், அறை என்று இரண்டு கணக்குகளாகப் பிரித்தார்கள். சுவரிலிருந்து அறைக்குள் இடப்பிறழ்வுகள் பிறக்கின்றன. அறையிலிருந்து சில மறுபடி சுவரில் போய்ச் சேர்கின்றன. இரண்டு இடத்திலும் அழிவும் உண்டு. சுவருக்குள்ள பருமப் பங்கு திரிபு கூடக் கூடக் குறைகிறது, அதாவது தடித்த சிக்கல் இறுகி மெல்லிய சுவராகிறது. அறையின் அளவு, மொத்த அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதம். விகித மாறிலியைப் பத்து என்று வைத்து, அடர்த்தி சதுர மீட்டருக்கு 10இன் 15ஆம் அடுக்கு என்றால், அறை 0.32 மைக்ரான். செங்கோண மடக்கில் பலமுறை தள்ளிய செம்பில் மின்னணு நுண்ணோக்கி காட்டும் அளவும் ஏறக்குறைய அதுவே. அடர்த்தி பத்தில் ஒரு பங்கானால் 1 மைக்ரான். தூய அலுமினியம் நின்றுவிடும் இடம் அது.

இவ்வளவு அழகாகப் பொருந்துவதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? பிறப்பு, சேர்ப்பு, அழிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், சுவர்ப் பங்கின் தொடக்கம், முடிவு, குறையும் வேகம் என்று எண்கள் வரிசையாக வருகின்றன. கையில் இருப்பதோ ஒரே ஒரு தகைவு-திரிபு வளைகோடு. இத்தனை திருகுகளை வைத்துக்கொண்டு ஒரு வளைகோட்டில் பொருத்த முடியாமல் போனால்தான் ஆச்சரியம். இந்த மாதிரியைக் கண்டுபிடித்தவர்கள் அதன் எல்லையை அறிந்தே பயன்படுத்தினார்கள். எண்களை அப்படியே வேறு உலோகத்துக்கும் வேறு வெப்பநிலைக்கும் நகலெடுத்துப் போடுபவர்களிடம்தான் குறை.

வலிமைக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. கால் மைக்ரான் செம்புக்கு ஹால்-பெட்ச் சொன்னது 245. ஆய்வுகளில் அளந்ததோ 350ஐத் தாண்டுகிறது. மீதியை இடப்பிறழ்வு அடர்த்தி தரும் வலிமை என்று சேர்க்கத் தோன்றும். டெய்லரின் சூத்திரப்படி 10இன் 15ஆம் அடுக்கு அடர்த்திக்கு அது மட்டுமே சுமார் 330 மெகாபாஸ்கல். இரண்டையும் கூட்டினால் அளந்ததை மிஞ்சிவிடுகிறது. காரணம் எளிது: சாய்வு குறைந்த சுவர் என்பதே இடப்பிறழ்வுகளின் அடுக்கு. அதை ஒருமுறை எல்லையாகவும் மறுமுறை அடர்த்தியாகவும் எண்ணியிருக்கிறோம். எந்தச் சுவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று முதலில் முடிவு செய்யாத அறிக்கையில் வலிமை சரியாக வந்திருந்தால், எங்கோ ஒரு மாறிலி அமைதியாக வளைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது சுவர் எவ்வளவு திரும்புகிறது என்பதற்கு, படிகத்தின் திசையையே கணக்கில் எடுக்க வேண்டும். செம்பிலும் அலுமினியத்திலும் அணுத்தளங்கள் சறுக்க 12 வழிகள் உண்டு. எந்த வழி எவ்வளவு வேலை செய்கிறது என்பது அந்த மணி எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. சறுக்கும்போதே மணி சுழலவும் செய்கிறது. 1993இல் லெபென்சோனும் டோமேயும் அமைத்த கணக்கீட்டு முறை, ஒவ்வொரு மணியையும் சுற்றியுள்ள சராசரி உலோகத்துக்குள் பதித்து இந்தச் சுழற்சியைப் பின்தொடர்கிறது. ஆனால் அதன் அடிப்படை வடிவத்தில் ஒரு மணி முழுவதும் ஒன்றாகவே சுழலும், பிளவுபட வழியில்லை. 2010இல் டோத், எஸ்ட்ரின், லாபோவொக், கு ஆகியோர் வைத்த எண்ணம் இந்த இடத்தைத்தான் தொட்டது. மணியின் நடுப்பகுதி தாராளமாகச் சுழல்கிறது. எல்லையை ஒட்டிய பகுதியைப் பக்கத்து மணி பிடித்து நிறுத்துகிறது. அதனால் அடுக்கு வளைகிறது. வளைவைத் தாங்க இடப்பிறழ்வுகள் வேண்டும். அவை திரண்டு சுவராகின்றன. கோணம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ஒரு மணி பல மணிகளாகக் கணக்கில் பிரிகிறது. மணி ஏன் பிளக்கிறது என்பதற்குக் காரணம் சொல்லும் மாதிரி என்ற வகையில் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். விலையும் அதிகம்தான்: பிளவு ஒவ்வொரு தலைமுறையிலும் மணிகளின் எண்ணிக்கை பெருகுவதால் கணினி திணறும்.

திரிபும் மணியளவும் ஒன்றல்ல என்பதற்கு மிகத் தெளிவான சான்று பாதைகள். தண்டை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திருப்பாமலே தள்ளலாம். 90 பாகை ஒரே பக்கமாகத் திருப்பித் தள்ளலாம். 180 பாகை திருப்பியும் தள்ளலாம். மூன்றிலும் நான்கு ஓட்டங்களுக்குப் பின் திரண்ட திரிபு 4.6தான். ஆனால் 180 பாகை திருப்பும்போது இரண்டாம் ஓட்டம் முதல் ஓட்டத்தின் சறுக்கலை அதே தளத்தில் எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. கற்பனையாக வரைந்த கனசதுரம் ஒன்று இரண்டு ஓட்டங்களுக்கு ஒருமுறை பழைய வடிவுக்கே வந்துவிடும். இடப்பிறழ்வுகளில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பி அழிகிறது. 15 பாகையைத் தாண்டிய உயர்கோண எல்லைகள் உருவாவது மந்தமாகிறது. செங்கோண மடக்கில் அலுமினியத்துக்கு 90 பாகைத் திருப்பமே மேல் என்று ஒரு தரப்பும், 120 பாகை மடக்கில் திருப்பாமல் தள்ளுவதே மேல் என்று மற்றொரு தரப்பும் சோதனைகளோடு வாதிட்டன. அந்த வாதம் நடந்ததே, பாதை முக்கியம் என்பதை இரு தரப்பும் ஏற்றதால்தான். திரண்ட திரிபை மட்டும் உள்ளே வாங்கி மணியளவை வெளியே தரும் சூத்திரம் மூன்று பாதைக்கும் ஒரே விடையைத்தான் தரும்.

அதற்காக அந்த வண்ணப் படத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. அச்சின் வெளிமூலை வட்டமாக இருந்தால் தண்டின் அடிப்பகுதிக்குத் திரிபு குறைவாகவே கிடைக்கும். முனைகளில் அது சீராக இருக்காது. இவற்றை ஃபைனைட் எலிமென்ட் நன்றாகச் சொல்லும். அதன் வேலை அவ்வளவு. அதற்கு மேல் படிக மாதிரியின் வேலை.

எங்கே நிற்கும் என்ற கேள்வி மீதியிருக்கிறது. அறை வெப்பநிலையில் தூய அலுமினியம் 1 மைக்ரான் அளவில் நிற்க, செம்பு 0.2, 0.3 மைக்ரான் வரை இறங்குகிறது. அலுமினியம் 660 பாகை செல்சியஸிலும் செம்பு 1085 பாகையிலும் உருகுகின்றன. கெல்வினில் பார்த்தால் நம் அறை வெப்பம் அலுமினியத்தின் உருகுநிலையில் மூன்றில் ஒரு பங்கு, செம்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. அலுமினியத்துக்கு நம் அறையே கொஞ்சம் சூடான இடம். மேலும் அதில் இடப்பிறழ்வுகள் தளம் மாறி எளிதில் சந்தித்து அழிகின்றன. நிறைவு நிலையில் இன்னொன்றும் நடக்கிறது: உருமாற்றத்தின்போதே மணியெல்லைகள் நகர்ந்து, சிறுத்த மணிகளை அக்கம்பக்கத்து மணிகள் விழுங்குகின்றன. பிளவுபடுவதும் விழுங்குவதும் சமமாகிறபோது அளவு நிலைக்கிறது. வெறும் பிளவை மட்டும் எழுதிய மாதிரி மணியைப் பூச்சியத்தை நோக்கி ஓட்டிக்கொண்டே போகும். அதை நிறுத்தக் கையால் ஓர் எல்லை போட வேண்டியிருக்கும். கலப்பு அணுக்கள் எல்லைகளைப் பிடித்துக்கொள்வதால் உலோகக்கலவைகள் தூய உலோகத்தைவிட நுண்ணிய மணிகளில் நிற்கின்றன.

திருப்பாச்சேத்தி அரிவாள் இந்தக் கணக்கில் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள ஊர் என்பதால் எழும் கேள்வி. வராது. அங்கே எஃகு செக்கச் சிவந்த சூட்டில் சம்மட்டிக்கு வருகிறது. அடிபடும்போதே புது மணிகள் முளைக்கின்றன. ஆறும்போது எஃகின் படிக அமைப்பே மாறி எல்லாம் மறுபடி புதிதாகிறது. அங்கே மணியளவைத் தீர்மானிப்பது வெப்பநிலையும் அடிக்கும் வேகமும் ஆறும் விதமும். அதற்கான மாதிரிகள் வேறு, பழையவை, தொழிலில் நன்றாகவே வேலை செய்பவை. குளிர்நிலையில் திரண்ட திரிபுக்கு எழுதிய சமன்பாட்டை அரிவாளுக்குப் போட்டால் நகைப்புதான் மிஞ்சும்.

மாணவர்கள் இதை இங்கேயே சோதித்துப் பார்க்க முடியும். இரு பாதியாகப் பிளந்து போல்ட் போட்டு இறுக்கும் மடக்குத்துளை அச்சை கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் அச்சு வேலை செய்யும் பட்டறைகளில் கேட்டுப் பார்க்கலாம். பிளவின் இடுக்கில் செம்பு பிதுங்கிச் சிறகு போல் நிற்கும்; அரத்தால் ராவி எடுத்துவிட்டு, மாலிப்டினம் டைசல்பைடு தடவி மறுபடி தள்ள வேண்டும். 90 பாகைப் பாதையில் அளந்த கடினத்தன்மையை வைத்து மாதிரியின் எண்களைப் பொருத்துங்கள். பிறகு எந்த எண்ணையும் தொடாமல் 180 பாகைப் பாதையை முன்கூட்டிக் கணித்துவிட்டு அளந்து பாருங்கள். கடினத்தன்மை மட்டும் போதாது. இரு பாதைகளிலும் அது கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிடக்கூடும். வேறுபாடு எல்லைக் கோணங்களின் பரவலில் இருக்கிறது. அதற்குப் படிகத் திசையை இடத்துக்கு இடம் காட்டும் மின்னணுப் பின்சிதறல் அளவீடு வேண்டும், சென்னை ஐஐடி போன்ற இடங்களுக்குத் துண்டை அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் எமரித் தாளில் தேய்த்ததோடு விட்டுவிட வேண்டாம். தேய்ப்பே மேற்பரப்பில் தனியாக ஓர் உருமாற்றப் படலத்தை உண்டாக்கிவிடும். அளப்பது அச்சு செய்த வேலையா, எமரித் தாள் செய்த வேலையா என்று தெரியாமல் போகும். செம்பைப் பாஸ்பாரிக் அமிலத்தில் மின்முறையில் மெருகேற்றி, காலம் தாழ்த்தாமல் அளந்துவிட வேண்டும். முறுக்கப்பட்ட மிகத் தூய செம்பு அறை வெப்பநிலையில் கிடக்கும்போதே மெல்லத் தானாக இளகிப் புது மணிகளை வளர்த்துக்கொள்வது பதிவாகியிருக்கிறது.